பனிமலையில் கைக்குழந்தை



கைக்குழந்தையுடன் குல்மார்க் சென்று பனிச்சறுக்கு ஆடலாமா என்று சங்கத்து அன்பர் பலர் வினவுகின்றனர். சென்ற மாசியில் எட்டுத் திங்கள் மகவுடன் சென்று மீண்டோம் நாங்கள்.

தில்லி ஏறத்தாழ 200 மீட்டர் உயரத்தில் உள்ளது. குல்மார்க்கோ 2,650 மீட்டர். ஆதலின் இடையே ஸ்ரீநகரில் இரண்டு இரவு தங்கினோம். அது போதுமென்று கருதினோம். பெரியவர் தலைவலியை வாய்விட்டுச் சொல்வர். குழந்தை என் செய்யும்? குல்மார்க்கில் முதல் இரவே பாலை மறுத்தது, உறங்காது அழுதது. பல் முளைக்கும் அழுகை என்று நாங்கள் விடியும்வரை வாளா இருந்தது பிழை. காலையில், 500 மீட்டர் தாழ்ந்த தங்மார்க்கிற்கு இறங்கினோம். நண்பகலுக்குள் பால் குடித்தது. உயரந்தான் காரணமா என்பதை மருத்துவரும் அறுதியிட்டுரைக்கவில்லை. எனினும் ஐயம் எழுந்தால் இறங்கிவிடுக என்றார்.

பின்னர் ஒருவர் குழந்தையுடன் கீழே இருக்க, மற்றவர் மேலே சென்று சறுக்கினோம். அபர்வாட் மலைக்கு, 3,900 மீட்டருக்கும் மேலே, கம்பிவட ஊர்தி செல்கிறது. ஆசைதான், குழந்தையை ஏற்றவில்லை. முதுகில் அசையாதிருக்கும் குழந்தை, நடக்கும் நம்மைவிட விரைவில் குளிர்ந்துவிடும்.

இவ்வாண்டு செல்வோர் முதலிலேயே தங்மார்க்கில் அறை பேசிக்கொள்க. மேல்விடுதிக்கு நாங்கள் செலுத்திய முன்பணம் மீளவில்லை.