கரிசக்காட்டுக்குக் கல்லூரி என்ன செய்யும்?

(கூட்டமைப்புக் கூட்டத்தில் உறுப்பினர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



நம்ம குழுக்களுக்கு வரும் கடன் மனுக்களை எடுத்துப் பாருங்க. விதை, உரம், ஆடு, வைத்தியம், கல்யாணம் என்று வரும். "மகள் கல்லூரிப் படிப்புக்கு" என்று வருவது குறைவுதான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்பிள்ளை தீப்பெட்டி ஆபீசுக்கோ மில்லுக்கோ போகிறாள். இல்லாவிட்டால் கல்யாணம். "மழை இல்லாத காட்டுல படிச்சு என்ன செய்யப் போறா?" என்று கேட்கிறோம். அந்தக் கேள்விக்குத்தான் இன்றைக்குப் பதில் பேச வந்திருக்கிறோம்.

நம்முடையது மானாவாரி பூமி. வருஷத்துக்கு 700 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும். பெய்கிற மழையைக் கணக்காகப் பயன்படுத்தினால்தான் வெள்ளாமை. அந்தக் கணக்கைக் கண்டுபிடிக்கத்தான் படிப்பு வேணும்.

கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1901-இல் தொடங்கியது. இப்போது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கிறது. சோளத்தில் கே 8, கே 12, பருத்தியில் கேசி 2, கேசி 3 என்று சொல்கிறோமே, அந்தக் 'கே' நம்ம கோவில்பட்டிதான்.

விதையைக் கடினப்படுத்தும் முறையையே எடுத்துக்கொள்ளுங்க. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைத்து, சோள விதையை 6 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி விதைக்கணும். பருவமழைக்கு முன்னாலேயே, 5 சென்டிமீட்டர் ஆழத்தில் போட்டால், சின்னத் தூறலுக்கு ஏமாந்து முளைக்காது. நல்ல மழை விழுந்த பிறகே முளைக்கும். இடையில் வறட்சி வந்தாலும் தாங்கும். செலவு கொஞ்சம்தான்.

"எங்க பாட்டி எந்தக் காலேஜுல படிச்சா?" என்று கேட்கலாம். பாட்டியின் அனுபவம் பெரிசுதான். ஆனால் 2018-இல் மக்காச்சோளத்தில் விழுந்த படைப்புழு அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த புது எதிரி. பாட்டி பார்த்தே இராத புழு. குருத்துக்குள் ஒளிந்து தின்னும், இளம்பயிரிலேயே பார்த்துத் தடுக்கணும் என்பதைப் படித்தவர்கள்தான் ஆராய்ந்து சொன்னார்கள். இனிமேல் மழையும் பூச்சியும் இன்னும் மாறும். அனுபவமும் படிப்பும் கைகோர்த்தால்தான் சமாளிக்க முடியும்.

கிள்ளிகுளம் வ.உ.சி. வேளாண்மைக் கல்லூரி நம்ம மாவட்டத்திலேயே இருக்கிறது. வேளாண் பட்டப்படிப்பின் கடைசி வருஷத்தில் மாணவ மாணவிகள் கிராமங்களில் தங்கிப் பயிற்சி எடுக்கிறார்கள். நம்ம ஊருக்கு வந்தால் போட்டோவுக்கு நின்றுவிட்டு அனுப்பிவிடாதீங்க. காட்டுக்குக் கூட்டிப்போங்க, கேள்வி கேளுங்க. எந்த வயலில் ஈரம் நிற்கும், எந்தக் காட்டில் உளுந்து சொல்லாமல் விளையும் என்று நாமும் சொல்லிக் கொடுப்போம். அவர்களுக்கும் அது பாடம்.

அடுத்து, நம்ம பிள்ளைகள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்குப் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டப் படிப்புகளில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு தரும் சட்டம் 2021-இல் வந்தது. கல்லூரி போகும் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் தொடங்கியது. 2024 டிசம்பரில், நம்ம தூத்துக்குடியில் வைத்தே, அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரிவாக்கினார்கள். இது தெரியாமல் எந்தத் தாயும் மகள் படிப்பை நிறுத்திவிடக் கூடாது.

"படிச்ச புள்ள ஊருக்குத் திரும்புமா?" எல்லாரும் திரும்ப மாட்டார்கள். அது உண்மை. ஊரில் வேலை இருந்தால்தானே திரும்புவார்கள்? உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்குக் கணக்குப் பார்க்க ஆள் வேணும். ஆட்டுக்கு வைத்தியம் பார்க்க ஆள் வேணும். கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதுபோல நம்ம கம்பையும் குதிரைவாலியையும் சுத்தம் செய்து, தரம் பார்த்து, பாக்கெட் போட்டு விற்கத் தெரிந்தவர்கள் வேணும். இந்த வேலைகளை உண்டாக்குவது கூட்டமைப்பின் பொறுப்பும்தான்.

ஆகவே மூன்று தீர்மானம் வைக்கிறோம். ஒன்று, ஆவணி முடிவதற்குள் ஒவ்வொரு குழுவும் ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒருமுறை போய் வரணும். இரண்டு, பயிற்சி மாணவர்களைக் குழுக் கூட்டத்துக்கு அழைக்கணும். மூன்று, பெண்பிள்ளையின் கல்லூரிக் கடன் மனுவுக்கு முதலிடம் தரணும்.

கல்யாணத்துக்குக் கடன் கொடுக்கத் தயங்காத நாம், படிப்புக்கும் தயங்க வேண்டாம்.