காரையில் ஒரு பழைய கடல்

செட்டிநாட்டுக் கோட்டையூரிலிருந்து விடியற்காலையில் கிளம்பினால் திருமயம், புதுக்கோட்டை, திருச்சி தாண்டி, வெயில் உறைப்பதற்குள் காரைக்குப் போய்விடலாம். பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்துச் சிற்றூர் அது. சென்னை நெடுஞ்சாலையில் பாடாலூர் வந்ததும் கிழக்கே திரும்ப வேண்டும்.

பருத்தியும் சோளமுமாகப் போகும் வழியில் திடீரென்று நிலம் பிளந்து கிடக்கிறது. செம்பழுப்பு, மஞ்சள், சாம்பல் என நிறம் மாறும் மண்மேடுகள். இடையிடையே ஆளை மறைக்கும் பள்ளங்கள். புல்பூண்டுகூட அரிது.

சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் இது கடலடி. அன்று படிந்த களிமண்தான் இன்றைய மேடு. செட்டிநாட்டில் மழைத்தண்ணீரை ஊரணியில் தேக்குவார்கள். காரையிலோ அதைத் தடுக்க மரமும் இல்லை, பாறையும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழை களிமண்ணை அரித்துக்கொண்டு ஓட, புதைந்து கிடந்தவை வெளியே வருகின்றன.

குனிந்து பார்த்தால்தான் காரை பிடிபடும். களிமண் வெடிப்புகளில் தகடு தகடாக மின்னுவது ஜிப்சம். பக்கத்திலேயே சிலேட்டுக் குச்சி போல, முனை கூர்ந்த ஒரு பழுப்புத் துண்டு கிடக்கும். அதுதான் பெலம்னைட்: கணவாய்க்கு உறவான ஓர் உயிரின் உடலுக்குள் இருந்த பகுதி. சுருள் ஓட்டு அம்மோனைட்டுகளும் இங்கே கிடைத்திருக்கின்றன. பூஜையறையில் வைத்து வணங்கும் கண்டகி நதிச் சாளக்கிராமமும் அம்மோனைட் புதைபடிவம்தான்.

அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவிலும் இப்படி மழை அரித்த வண்ணமேடுகள் உண்டு. அடியில் பழங்கடலின் அம்மோனைட்டுகளும் உண்டு. 1978-இல் அது பேட்லண்ட்ஸ் தேசியப் பூங்கா ஆனது.

காரை இருக்கும் ஆலத்தூர் வட்டத்திலேயே, சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் ஒன்று படுத்திருக்கிறது. 1940-இல் அதை உலகுக்குச் சொன்னவர் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் எம்.எஸ்.கிருஷ்ணன். கடலுக்கு அடித்து வரப்பட்டு, மண்ணில் புதைந்து, கல்லாகிப்போன மரம் அது. இன்று தேசியப் புவியியல் நினைவுச்சின்னம்.

போகிறவர்கள் தை, மாசியில் போகலாம். மழை விட்ட கையோடு போனால் களிமண் வழுக்கும். காரை மேடுகளில் ஒதுங்க நிழல் கிடையாது. தொப்பியும் தண்ணீரும் கையோடு இருக்கட்டும். சரிவின் விளிம்பில் நிற்க வேண்டாம். கிடைத்த புதைபடிவத்தைப் படம் எடுத்துக்கொண்டு, கிடந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். எந்த அடுக்கில் கிடந்தது என்பது ஆய்வாளருக்கு முக்கியம். நிதானமாகப் பார்க்க ஆசையா? அரியலூர் அருகே வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது.