கணினிக்குள் ஒரு சிறு காற்றாடி



இரவு பத்து மணிக்கு மேல் வீடு அடங்கிய பிறகு, கணினி இருக்கும் அறையிலிருந்து 'கிர்ர்' என்று ஓர் ஓசை எழுவதை உங்களுள் பலர் கேட்டிருப்பீர்கள். தொடக்கத்தில் அது கணினியைப் போட்டவுடன் ஒரு நிமிடம் மட்டும் கேட்கும். பிறகு தானே அடங்கிவிடும். சில வாரங்கள் சென்றால் ஐந்து நிமிடம் கேட்கும். அதற்கும் பிறகு நாள் முழுவதும் கேட்கும். "பழைய பெட்டிதானே, சத்தம் போடத்தான் செய்யும்" என்று நாமும் பழகிக்கொள்கிறோம். அந்த ஓசை எங்கிருந்து வருகிறது, அதற்கு நாம் என்ன செய்யலாம் என்பதே இன்றைய பேச்சு.

எங்கள் வீட்டில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். 2005ஆம் ஆண்டில் எங்கள் மகளின் படிப்புக்காக ஒரு மேசைக் கணினி வாங்கினோம். மூன்றாம் ஆண்டில் அது முனகத் தொடங்கியது. ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கடைக்காரர் பெட்டியின் மூடியைக்கூடத் திறக்கவில்லை. "போர்டு பழசாகிவிட்டது. அதை மாற்றுகிற காசுக்குப் புதுக் கணினியே வாங்கிவிடலாம்" என்றார். கையில் பணம் இல்லாத நேரம், திரும்பக் கொண்டுவந்துவிட்டோம். இரண்டு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை, ஓசை தானாகவே நின்றுவிட்டது. "பார்த்தீர்களா, தானே சரியாகிவிட்டது" என்று வீட்டில் பெருமையாகச் சொன்னவர்களும் நாங்களேதான்.

சனிக்கிழமை மதியம் மகள் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தபோது திரை அப்படியே உறைந்து நின்றது. அணைத்துப் போட்டோம். பத்து நிமிடத்தில் மறுபடியும் அதே கதி. அவள் சேமிக்காமல் வைத்திருந்த நான்கு பக்கங்கள் போயே போய்விட்டன. மூடியைக் கழற்றிப் பார்த்தால், ஒரு தீப்பெட்டியை விடச் சிறிய காற்றாடி ஒன்று அசையாமல் நின்றது. அதன் அடியில் இருந்த உலோகத்தைத் தொட்ட விரலை உடனே எடுக்க வேண்டியதாயிற்று. ஓசை நின்றது நோய் தீர்ந்ததால் அன்று, காற்றாடி செத்துப்போனதால்!

அந்தக் காற்றாடி அங்கே ஏன் இருக்கிறது? கணினியின் உறுப்புகள் எல்லாம் வந்து சேரும் பெரிய பலகையைத் தாய்ப்பலகை என்கிறோம். கடையில் மதர்போர்டு என்று கேட்டால்தான் புரிந்துகொள்வார்கள். அந்தப் பலகையில் மூளையாகிய பிராசசருக்குத் தனிக் காற்றாடி உண்டு, அது பெரியது. அதனை விட்டுச் சற்றுத் தள்ளி இன்னொரு சில்லு இருக்கும். வட்டு, படஅட்டை, மற்றச் செருகிகள் ஆகியவற்றுக்கும் பிராசசருக்கும் இடையே தூது போகிற வேலை அதனுடையது. சிப்செட் என்பது அதன் பெயர். 2004, 2005ஆம் ஆண்டுகளில் வந்த என்-ஃபோர்ஸ் 4 போன்ற சில்லுகள் நிறைய வேலையை ஒரே இடத்தில் செய்தன. ஆகவே மிகவும் சூடாயின. அவை பெரும்பாலும் நீளமான படஅட்டை வந்து அமரும் இடத்துக்கு அடியிலேயே இருந்தன. உயரமான அலுமினியத் தகடுகளை அங்கே நிறுத்த இடமில்லை. குட்டையான தகடும் அதன்மேல் குட்டிக் காற்றாடியும் வைத்தார்கள். பிற்காலத்துச் சில்லுகள் குளிர்ந்துபோக, இந்தக் காற்றாடி சில காலம் மறைந்தது. 2019இல் ஏஎம்டி நிறுவனத்தின் எக்ஸ் 570 சில்லோடு மறுபடியும் வந்தது. அந்தச் சில்லின் வெப்பம் சுமார் 11 வாட்தான். பூசை அறையில் எரிகிற சிறு மின்விளக்கின் கணக்கு. ஆனால் அவ்வளவும் நகத்தளவு இடத்திலிருந்து வெளியேற வேண்டும் அல்லவா? 2021இல் அதே சில்லைக் காற்றாடி இல்லாத பலகைகளிலும் விற்றார்கள். காற்றாடியின் ஓசையைப் பற்றிப் பலரும் முணுமுணுத்தது அவர்கள் காதிலும் விழுந்திருக்க வேண்டும்.

இனி ஓசைக்கு வருவோம். இந்தச் சிறு காற்றாடி நிமிடத்துக்கு ஐயாயிரம் சுற்றுச் சுற்றுவது சாதாரணம். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் ஓடினால் 24 லட்சம் சுற்று. ஆண்டில் 300 நாள் என்று வைத்தாலும் 72 கோடி! இத்தனையையும் தாங்குவது, அதன் நடுவில் உள்ள ஒரு சிறு குழலும் அதற்குள் பூசிய ஒரு துளி எண்ணெயும்தான். அடியில் சூடு ஓயாமல் ஏற, எண்ணெய் காய்ந்து போகிறது. தூசி உள்ளே நுழைகிறது. நம் வீடுகளில் சாம்பிராணிப் புகையும், தாளிக்கிற எண்ணெய்ப் புகையும் சேர்ந்து அந்தத் தூசியைப் பிசினாக்கிவிடுகின்றன. அச்சு குழலுக்குள் ஆடத் தொடங்குகிறது. காலையில் கணினி குளிர்ந்திருக்கும்போது எண்ணெய் இறுகியிருக்கும், ஆகவே ஓசை. சூடேறி எண்ணெய் இளகியதும் ஓசை அடங்கும். முதலில் சொன்னோமே, தானே அடங்கிவிடும் என்று, அதன் காரணம் இதுவே.

ஓசை போடுவது இந்தக் காற்றாடிதானா, வேறொன்றா? பெட்டிக்குள் நான்கைந்து காற்றாடிகள் இருக்கலாம். ஊகத்தில் ஒன்றை வாங்கி மாற்றிவிட்டு ஏமாறக் கூடாது. செய்தித்தாளைக் குழலாகச் சுருட்டி, ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையை ஒவ்வொரு காற்றாடிக்கும் அருகே கொண்டுபோங்கள். இறக்கைகளைத் தொடவிடாமல் ஒரு விரற்கடை தள்ளிப் பிடித்தால் போதும். குற்றவாளி யார் என்பது தெளிவாகக் கேட்கும். ஓசை மின்சாரப் பெட்டியிலிருந்து, அதாவது பவர் சப்ளையிலிருந்து வருமானால் அத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள். கம்பியைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும். அதனைத் திறப்பது நம் வேலை அன்று.

சிலர் சத்தம் தாங்காமல் சிறு காற்றாடியின் கம்பியைப் பிடுங்கிவிடுகிறார்கள். அது எங்கள் வியாழக்கிழமையை நாமே வரவழைத்துக்கொள்வதாகும். வேறு சிலர் எண்ணெய் விடுகிறார்கள். அதில் தவறில்லை. காற்றாடியின் நடுவில் ஒட்டியிருக்கும் தாளைப் பாதி உரித்தால், சிலவற்றில் அடியில் ஒரு ரப்பர் மூடி இருக்கும். அதற்குள் தையல் இயந்திர எண்ணெய் ஒரே ஒரு துளி விட்டு, மூடித் தாளை ஒட்ட வேண்டும். தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது. சில நாளில் பிசுபிசுத்துப்போகும். துருவை இளக்கத் தெளிக்கிற திரவமும் ஆகாது. அது இருக்கிற எண்ணெயையும் கழுவிக்கொண்டு போய்விடும். தேய்ந்துபோன குழலை எந்த எண்ணெயும் திரும்ப வளர்க்காது. எனவே இதைப் புதுக் காற்றாடி வாங்கும் வரையில் கிடைத்த தவணை என்றே கொள்ளுங்கள்.

வாங்கப் போகுமுன் அளக்க வேண்டும். நாங்கள் அளக்காமல் போய் ஒரு முறை வீணாகத் திரும்பினோம். கோலாலம்பூரில் புக்கிட் பிந்தாங்கிலுள்ள லோ யாட் பிளாசாவில் மாடி மாடியாக ஏறி இறங்கியதுதான் மிச்சம். பரவலாகக் கிடைப்பது 40 மில்லிமீட்டர்ச் சதுரக் காற்றாடி. கனம் 10 மில்லிமீட்டர். அதன் திருகாணித் துளைகள் ஒன்றுக்கொன்று 32 மில்லிமீட்டர் தள்ளி இருக்கும். உங்கள் காற்றாடியில் துளைக்குத் துளை இந்த அளவு இருந்தால் நல்ல காலம். சில பலகைகளில் சட்டமே இல்லாமல், மூன்று காலில் நிற்கும் தனிவகைக் காற்றாடி இருக்கும். அதற்கு, நடுவில் ஒட்டிய தாளில் உள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு அதே வகையைத் தேட வேண்டும். இல்லையேல் அடித்தகட்டோடு சேர்த்து மாற்ற வேண்டும்.

கம்பிகளையும் பாருங்கள். மூன்று கம்பிகள் இருந்தால், வழக்கமாகக் கறுப்பு நிலக்கம்பி, சிவப்பு 12 வோல்ட், மஞ்சள் வேகத்தைச் சொல்லும் கம்பி. ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு வீதம் மஞ்சள் கம்பி பலகைக்குச் சேதி அனுப்புகிறது. நான்காவது கம்பி இருந்தால் அது வேகத்தைக் கூட்டிக் குறைப்பதற்கு. மூன்று கம்பிச் செருகியை நான்கு முள் உள்ள இடத்திலும் செருகலாம். நான்கு கம்பிக் காற்றாடியை மூன்று முள்ளிலும் ஓட்டலாம், ஆனால் நான்காவது கம்பியின் கட்டுப்பாடு கிடைக்காது. செருகியின் பக்கவாட்டில் வரப்பு இருப்பதால் தலைகீழாகப் போகாது. போகவில்லை என்றால் அழுத்தாதீர்கள், திருப்பிப் பாருங்கள்.

கடையில் இரண்டு காற்றாடி காட்டினால், எது வேகமாகச் சுற்றும் என்று கேட்டு அதை வாங்குவது பலர் வழக்கம். நாம் எதிர்த்திசையில் யோசிக்க வேண்டும். ஒரே காற்றாடியின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதியாகும். ஓசையோ ஏறக்குறைய 15 டெசிபல் குறைந்துவிடும். 15 டெசிபல் என்பது காதுக்கு மிகப் பெரிய வித்தியாசம். பழைய காற்றாடியை விடச் சற்றே மெதுவாகச் சுற்றும், நல்ல பேரிங் உள்ள காற்றாடியே நமக்கு ஏற்றது. எண்ணெயை உள்ளேயே அடைத்து வைத்த பேரிங்கும், குண்டு பேரிங்கும் சாதாரணக் குழலை விட நீண்ட நாள் சூட்டைத் தாங்கும். எங்களுக்கு அது பதினைந்து வெள்ளிக்குள் முடிந்தது.

மாற்றும் வேலை அரை மணி நேரம். கணினியை அணைத்து, சுவரிலிருந்து கம்பியைப் பிடுங்கி, பிறகு போடும் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்ச மின்சாரம் வடிந்துவிடும். பெட்டியின் வர்ணம் பூசாத உலோகத்தைத் தொட்டுக்கொள்ளுங்கள். நம் உடம்பில் தேங்கும் நிலைமின்சாரம் நமக்கே தெரியாமல் ஒரு சில்லைக் கெடுத்துவிடும். கைப்பேசியால் ஒரு படம் எடுத்துக்கொண்டு, படஅட்டையைத் தாழ்ப்பாளை அழுத்தி மெல்ல வெளியே எடுங்கள். காற்றாடி மட்டும் மாறுகிறதென்றால் நான்கு சிறு திருகாணிகளைக் கழற்றிப் புதியதை வைத்து முடுக்கினால் முடிந்தது. தாள் ஒட்டிய பக்கமே பெரும்பாலும் காற்று வெளியேறும் பக்கம். அது அலுமினியத் தகடுகளை நோக்கி இருக்கட்டும்.

அடித்தகட்டையும் எடுக்க வேண்டியிருந்தால் பொறுமை தேவை. அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் முளைகளின் நுனி பலகையின் பின்புறத்தில் விரிந்து நிற்கும். எனவே பலகையையே வெளியே எடுத்து, நுனிகளைக் குறடால் இலேசாகக் குவித்துத் தள்ள வேண்டும். தகடு சில்லோடு ஒட்டிக்கொண்டிருந்தால் நெம்பாதீர்கள். ஒரு திருப்புளி வழுக்கினால் பலகையின் மெல்லிய கம்பிக் கோடுகள் அறுந்துவிடும். பதினைந்து வெள்ளி வேலை ஐந்நூறு வெள்ளிச் செலவாகும். இடமும் வலமுமாக மெல்லத் திருகிக் கொடுத்தால் விட்டுக்கொடுக்கும். காய்ந்த பசையை ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, புதுப் பசை ஓர் அரிசி அளவு வையுங்கள். அதிகம் வைத்தால் அதிகம் குளிரும் என்பது கிடையாது.

எல்லாவற்றையும் பூட்டி முதன்முறை போட்டபோது எங்கள் கணினி கீச்சென்று கத்திவிட்டு, காற்றாடி பழுது என்று திரையில் எழுதிக் காட்டியது. மகளின் முகம் வாடிவிட்டது. காற்றாடியோ நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தது! மெதுவாகச் சுற்றும் காற்றாடியை வாங்கியிருந்தோம் அல்லவா? பழைய வேகத்தை எதிர்பார்த்த பலகை, இதை நின்றுபோன காற்றாடி என்று எண்ணிவிட்டது. கணினி தொடங்கும்போது தோன்றும் பயாஸ் பக்கத்தில் எச்சரிக்கை எல்லையைக் கீழே இறக்கியதும் கத்தலும் நின்றது. எச்சரிக்கையை ஒரேயடியாக அணைத்துவிடலாமே என்று மகள் கேட்டாள். அதற்கு நாங்கள் சம்மதிக்கவில்லை. அடுத்த அரை மணி நேரம் அதே பக்கத்தில் வெப்ப எண்ணையும் சுற்று எண்ணிக்கையையும் அவளையே பார்த்துக் குறித்து வைக்கச் சொன்னோம். வெப்பம் ஓர் அளவுக்கு ஏறி, அங்கேயே நின்றது. அதன் பிறகுதான் படஅட்டைப் பக்கத்து மூடியை மாட்டினோம்.