ஒளி எழுதும் ஏடு



பாயா ரும்புட் வட்டாரத் தோட்டங்களில் நம் முன்னோர் பால்மரம் வெட்டிச் சேர்த்த ரப்பர், நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளாலான பாலிமர். ஒளியுணர் பாலிமரில் அத்தகைய சங்கிலிகளை ஒளியே கோக்கிறது. இரு லேசர்க் கதிர்கள் அதனுள் சந்திக்கையில், ஒளி மிகுந்த இடங்களில் சிறு மூலக்கூறுகள் இணைந்து இறுகுகின்றன. அவ்வமைப்பே தரவைக் காக்கிறது. கதிரின் கோணத்தை மாற்றினால், அதே இடத்தில் பல பக்கங்களை எழுதலாம்.

இம்முறை இன்னும் வீடுகளுக்கு வரவில்லை. நாமே பதிந்து வைத்துள்ள குறுந்தட்டுகளில் தரவைத் தாங்குவது சாயம். வெயில் பட்டால் அது மங்கும். ஓலைச்சுவடிகளைத் தலைமுறைதோறும் பெயர்த்தெழுதியதாலேயே சங்க நூல்கள் நமக்குக் கிட்டின. தோட்டத்து மூத்தோரின் குரல் பதிந்த தட்டுகளையும் இன்றே படியெடுப்போம்.