இலை பார்க்கக் கற்கும் கைப்பேசி



கைப்பேசி என்ற சொல்லைக் கேட்டாலே பெற்றோர் பலருக்கு முகம் சுருங்குகிறது. பிள்ளை அதைக் கையிலெடுத்தால் விளையாட்டு. விளையாட்டு அலுத்தால் படம். இக்குறையை ஆசிரியர்களாகிய நாங்கள் பெற்றோர் கூட்டங்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது, அதே கைப்பேசிதான் நமக்கு வகுப்பறையாகவும் கரும்பலகையாகவும் இருந்தது. அப்பா வேலை முடிந்து வரும்வரை காத்திருந்து, ஒரே கைப்பேசியில் மூன்று பிள்ளைகள் மாறி மாறிப் பாடம் படித்த வீடுகள் சுங்கைப் பட்டாணியிலும் பாடாங் செராயிலும் பீடோங்கிலும் இருந்தன.

இன்று நாம் பேசவிருப்பது கைப்பேசியில் ஓடும் செயலிகளைப் பயன்படுத்துவது பற்றியன்று. செயலியைச் செய்வது பற்றி. அதிலும், ஒரு பொருளைக் கண்ணால் பார்த்து, 'இது இன்னது' என்று சொல்லக்கூடிய செயலி. இதைச் செயற்கை நுண்ணறிவு என்கிறோம். பெயர் பெரிது. ஆயினும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு விளங்காத செய்தி அதில் குறைவு என்பதே எங்கள் அனுபவம்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்று ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். கெடாவில் நமக்குத் தெரிந்தது என்ன? ரப்பர் இலை. அதையே எடுத்துக்கொள்வோம்.

ரப்பர் இலையில் நோய் இருக்கிறதா இல்லையா என்று சொல்லும் செயலி ஒன்று வேண்டும். பழைய முறைப்படி நிரல் எழுதுபவர் என்ன செய்வார்? 'இலை மஞ்சளாக இருந்தால் நோய்' என்று கட்டளை எழுதுவார். எழுதிய மறுகணமே அது பொய்த்துவிடும். ஆண்டுத் தொடக்கத்து வறட்சியில் நம் வட்டாரத்து மரங்கள் இலை உதிர்க்கின்றன. அப்போது முதிர்ந்த இலை மஞ்சளாகிச் சிவந்து விழுவது இயற்கை; நோயன்று. சரி, 'புள்ளி இருந்தால் நோய்' என்று எழுதலாமா? பூச்சி கடித்த வடுவும் புள்ளிதான், காய்ந்த பால் தெறித்த கறையும் புள்ளிதான். இப்படிக் கட்டளைமேல் கட்டளை எழுதினாலும் முடிவு காண முடியாது.

நம் வீட்டுப் பாட்டி எப்படிக் கற்றார்? அவருக்கு யாரும் கட்டளை எழுதிக் கொடுக்கவில்லை. முப்பது ஆண்டுகள் மரத்தடியில் நின்று, ஆயிரமாயிரம் இலைகளைப் பார்த்துக் கற்றார். புதிய முறை இதைத்தான் செய்கிறது. கட்டளைக்குப் பதிலாக எடுத்துக்காட்டுகளைக் கொடுக்கிறோம். நல்ல இலையின் படங்கள் ஒரு குவியல். இளந்துளிரில் வெண்பொடி படியும் சாம்பல் நோயின் படங்கள் ஒரு குவியல். 2017 முதல் நம் நாட்டில் காணப்பட்டுவரும் பெஸ்டலோடியாப்சிஸ் என்னும் இலையுதிர்வு நோய், முதிர்ந்த இலைகளில் வட்ட வட்டமாகப் பழுப்புப் புள்ளிகளை உண்டாக்குவது. அதன் படங்கள் ஒரு குவியல். ஒவ்வொரு குவியலுக்கும் பெயர் எழுதி, 'பார்த்துக்கொள்' என்கிறோம்.

இயந்திரம் எப்படிப் பார்க்கும்? அதற்குப் படம் என்பது எண்களின் அடுக்கு. குறுக்கே 224 புள்ளிகள், நெடுக்கே 224 புள்ளிகள் என்று படத்தைச் சுருக்கி, ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் எவ்வளவு என்று மூன்று எண்கள் எடுத்தால், ஓர் இலைக்கு 1,50,528 எண்கள் கிடைக்கின்றன. இவற்றைப் பெருக்கிக் கூட்டி, மூன்று குவியல்களில் எதைச் சேர்ந்தது என்று விடை சொல்கிறது. விடை தவறினால், பெருக்கும் எண்களைச் சற்றே மாற்றிக்கொள்கிறது. மறுபடியும் பார்க்கிறது, மறுபடியும் மாற்றிக்கொள்கிறது. வாய்ப்பாடு மனனம் செய்யும் பிள்ளை போலத்தான். ஆனால் சலிப்பு என்பதே அதற்கு இல்லை.

இவ்வளவு கணக்கைக் கைப்பேசி தாங்குமா என்று கேட்கலாம். 2017ஆம் ஆண்டு கூகுள் நிறுவன ஆய்வாளர்கள் மொபைல்நெட் என்ற ஒன்றை வெளியிட்டார்கள். அதில் இத்தகைய பெருக்கும் எண்கள் ஏறத்தாழ 42 இலட்சம். கேட்க மலைப்பாக இருந்தாலும், சுருக்கி வைத்தால் ஒரு பாட்டுக் கோப்பின் அளவுக்குள் அடங்கிவிடும். மேலும், அது பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைப் பார்த்து, விளிம்பு, நிறம், வடிவம் இவற்றைப் பிரித்தறிய முன்பே கற்றது. நாம் கற்பிக்க வேண்டியது கடைசிப் பாடம் மட்டுமே. வேறு தோட்டத்திலிருந்து மாற்றலாகி வந்த பால்வெட்டுக்காரருக்கு மரம் என்றால் என்னவென்று சொல்லித் தரவா வேண்டும்? இந்தத் தோட்டத்தின் நிரைகளை மட்டும் காட்டினால் போதாதா?

இதைச் செய்து பார்க்கக் காசு வேண்டியதில்லை. கூகுள் நிறுவனம் 2017இல் டீச்சபிள் மெஷின் என்ற கருவியை வெளியிட்டது. குவியல் குவியலாகப் படங்களைக் கொடுத்து, ஒரு பொத்தானை அழுத்தினால் அது கற்றுக்கொள்ளும். பிறகு செயலியாகக் கட்டுவதற்கு ஆப் இன்வென்டர் இருக்கிறது. 2010இல் கூகுளில் தோன்றி, பின்னர் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்துக்கு மாறிய இது, பேராசிரியர் ஹால் ஏபல்சன் முன்னின்று உருவாக்கியது. கட்டளைகளை எழுத வேண்டாம். வண்ணக் கட்டைகளை ஒன்றோடொன்று பொருத்தினால் போதும். படங்களை இனங்காணக் கற்பிக்கும் பகுதியையும் அதே எம்.ஐ.டி. தந்திருக்கிறது. இடைநிலைப்பள்ளிக்குச் சென்று முறையாக நிரல் எழுதக் கற்றவர்களுக்கு, 2017இல் டென்சர்ஃபுளோ லைட் என்ற பெயரில் வந்து 2024 முதல் லைட்ஆர்டி என்றழைக்கப்படும் கருவி உண்டு. இணையத் தொடர்பு இல்லாத இடத்திலும், கற்றதை அது கைப்பேசிக்குள்ளேயே ஓட்டும். சிக், பாலிங் பக்கத்து உள்தோட்டங்களில் இணையம் எப்படி வரும் என்பது அங்குள்ள நேயர்களுக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கருவிகளைப் பற்றி இவ்வளவு போதும். அவை மாறிக்கொண்டே இருக்கும். மாறாத ஒன்று இருக்கிறது. அதைத்தான் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம்.

எங்கள் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் சிலர் நல்ல இலைகளைப் பள்ளியின் சிமெண்டுத் தரையில் வைத்துப் படம் பிடித்தார்கள். நோயுற்ற இலைகளை மரத்தடியிலேயே, மண்ணில் கிடந்தபடி படம் பிடித்தார்கள். கைப்பேசி நன்றாகக் கற்றுவிட்டது என்று ஒரே மகிழ்ச்சி. பிறகு நோயுற்ற இலை ஒன்றைக் கொண்டுவந்து சிமெண்டில் வைத்துக் காட்டினார்கள். 'நல்ல இலை' என்றது. எல்லாரும் விழித்தார்கள். ஒரு மாணவி இலையை எடுத்துவிட்டு வெறும் தரையைக் காட்டினாள். அப்போதும் 'நல்ல இலை' என்றது! இயந்திரம் கற்றது இலையையன்று, தரையை. அந்தப் பெண் அன்று கண்டுபிடித்ததைப் பெரிய ஆய்வாளர்களும் கண்டிருக்கிறார்கள்.

2016ஆம் ஆண்டு மொகந்தி, ஹியூஸ், சலாத்தே என்ற மூவர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பிளான்ட்வில்லேஜ் என்ற திட்டத்தில் சேர்த்த 54,306 இலைப் படங்கள். 14 பயிர்கள், 26 நோய்கள். ஒதுக்கி வைத்த படங்களைக் காட்டிச் சோதித்தபோது, இயந்திரம் நூற்றுக்கு 99.35 சரியாகச் சொன்னது. ஆனால் வேறு சூழ்நிலையில், வேறு இடத்தில் எடுக்கப்பட்ட படங்களைக் காட்டியதும், அது நூற்றுக்கு 31 என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. இதை மறைக்காமல் அவர்களே எழுதியிருக்கிறார்கள். ஒற்றை இலையைப் பறித்து, ஒரே மாதிரியான பின்னணியில் வைத்து எடுத்த படங்களால் வந்த வினை அது. மரத்திலிருக்கும் இலைக்குப் பின்னால் வானம் இருக்கிறது, வேறு இலைகள் இருக்கின்றன, நிழலும் வெயிலும் இருக்கின்றன.

அதனால் அடுத்த முயற்சியில் வயலுக்கே சென்றார்கள். நாம் நன்கறிந்த மரவள்ளிதான் பயிர். ஜப்பானியர் காலத்தில் நம் பெரியோர்களின் பசியைத் தணித்ததும் இதே கிழங்கன்றோ! தான்சானியா நாட்டு வயல்களில் மரவள்ளி இலைகளைப் படம் பிடித்து, நுரு என்ற செயலியை உருவாக்கினார்கள். சுவாஹிலி மொழியில் நுரு என்றால் ஒளி. இணையம் இல்லாமலே அது வேலை செய்கிறது. அங்கும் ஒரு பாடம் கிடைத்தது: நோய் முற்றிய இலையை நன்றாக இனங்கண்ட இயந்திரம், நோய் தொடங்கும் இலையில் தடுமாறியது. விவசாயிக்கு உதவி தேவைப்படுவது தொடக்கத்தில்தானே?

தொடக்கத்திலேயே நோயைக் காண்பவர் யார்? இங்கேதான் நேயர்களே, நமக்குக் கவலை வருகிறது. குவியலுக்குப் பெயர் எழுத ஒருவர் வேண்டும். இந்தப் புள்ளி நோய், அந்தப் புள்ளி வடு என்று பிரித்துச் சொல்ல ஒரு கண் வேண்டும். அந்தக் கண் நம் தோட்டங்களில் இருக்கிறது, ஆனால் வயதாகிவிட்டது. ரப்பர் இருந்த எத்தனையோ இடங்களில் இன்று செம்பனை நிற்கிறது, அல்லது வீடமைப்புத் திட்டம் வந்துவிட்டது. பிள்ளைகள் பட்டணத்தில். 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில் இருக்கும் தொழிற்சாலைகளுக்கு முறைமாற்று வேலைக்குப் போகிறவர்களில் தோட்டத்துப் பிள்ளைகளும் உண்டு. அதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் தாத்தாவின் கண் கண்டது எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. நோயின் அறிவியல் பெயரை மலேசிய ரப்பர் வாரியத்து அதிகாரி சொல்வார். இந்த நிரையில், இந்த மரத்தில், மழைக்குப் பிறகு முதலில் எங்கே பார்க்க வேண்டும் என்பதைத் தாத்தாதான் சொல்வார். செயலி செய்யக் கற்கும் பிள்ளைக்கு இந்த இருவரும் ஆசிரியர்கள். நாங்கள் மூன்றாமவர்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். கைப்பேசிச் செயலிகளில் சேர்த்துக்கொள்ள ஆயத்தமான பகுதிகளைக் கூகுள் 2018இல் எம்.எல். கிட் என்ற பெயரில் வழங்கியது. படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் பகுதியின் இரண்டாம் பதிப்பு, இலத்தீன், சீனம், ஜப்பான், கொரியா, தேவநாகரி என ஐந்து எழுத்து வகைகளுடன் வந்தது. தமிழ் அதில் இடம்பெறவில்லை. வருந்தியிருந்தால் நமக்கு எதுவும் கிடைத்திராது என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. கணினியில் தமிழ் எழுத 1985லேயே முரசு என்னும் மென்பொருளைத் தொடங்கியவர் மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன். கைப்பேசியில் தமிழ் எழுத 2005இல் செல்லினம் தந்தவரும் அவரே. யாரோ செய்து தருவார்கள் என்று அவர் காத்திருக்கவில்லை. நம் பிள்ளைகளின் இலைச் செயலி, விடையைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லட்டும். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் தமிழ்க் குரல் இருக்கிறது. எழுத்து தெரியாத பாட்டிக்கும் அது கேட்கும்.

செய்யும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. மூன்று குவியல் மட்டும் கற்ற கைப்பேசியிடம் காற்செருப்பைக் காட்டினால், அதையும் அந்த மூன்றில் ஏதோ ஒன்று என்றே சொல்லும். அதற்குத் தெரிந்த பெயர் மூன்றுதான். ஆகவே 'வேறு பொருள்' என்று நான்காவது குவியல் வேண்டும். செயலி தன் விடையோடு எத்தனை விழுக்காடு உறுதி என்றும் சொல்லும். உறுதி குறைந்தால், 'தெரியவில்லை, பெரியவரைக் கேளுங்கள்' என்று சொல்லுமாறு ஒரு கட்டையைப் பொருத்தச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு முதலில் தோன்றுவது நண்பர்களின் முகங்களைக் கற்பித்து விளையாடுவதுதான். அதை நாங்கள் அனுமதிப்பதில்லை. இலைக்குக் கோபம் வராது, மனிதருக்கு வரும். செயலி சொன்னதை மட்டும் நம்பி யாரும் மருந்து வாங்கித் தெளித்துவிடவும் கூடாது. சிறுதோட்டக்காரரின் ஒரு மாத வருமானம் அதில் போய்விடும். நோய் என்று செயலி சொன்னால், இலையை எடுத்துக்கொண்டு ரிஸ்டா அலுவலகத்துக்குச் செல்வதே முறை.

விருப்பமுள்ள பெற்றோர் அடுத்த இலையுதிர் காலம் முடிந்து துளிர் விடும் நாளில் தொடங்கலாம். காலையில் சில படங்கள், உச்சிப்பொழுதில் சில, மழை விட்டதும் சில. இலையின் மேற்புறமும் அடிப்புறமும் வேண்டும். கற்பிக்க எடுத்த மரங்கள் வேறு, சோதிக்க எடுத்த மரங்கள் வேறு என்று பிரித்து வையுங்கள். கூடவே ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். அதில் நாள், நிரை எண், இலையைப் பார்த்துப் பெயர் சொன்னவர் யார் என்று மூன்று கட்டங்கள் போடச் சொல்லுங்கள். மூன்றாவது கட்டத்தில் 'தாத்தா' என்று எழுதி நிறுத்திவிடாமல், அவருடைய பெயரை முழுமையாக எழுதவேண்டும்.