ஒருமுறை வந்தவர் மறுமுறை வருவது எதனால்?



இந்தியத் தொல்லியல் துறை கட்டணம் வாங்கும் சின்னங்களில், 2021-22ஆம் ஆண்டில் வெளிநாட்டுப் பயணிகள் அதிகம் வந்த இடம் தாஜ்மகால் அல்ல, மாமல்லபுரம். அங்கே வந்தவர்கள் 1 லட்சத்து 44 ஆயிரத்துக்கும் மேல். தாஜ்மகாலுக்கு 38 ஆயிரம் சொச்சம். கொரோனாவால் உலகப் பயணமே முடங்கிக் கிடந்த ஆண்டு அது என்பதையும் நினைவில் வைத்துத்தான் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். ஆனாலும் பெருமைதான்.

எத்தனை பேர் வந்தார்கள் என்பதை நுழைவுச்சீட்டுக் கணக்கு சொல்லிவிடும். அவர்களில் மறுபடி வரப்போகிறவர் யார், ஊர் திரும்பி நாலு பேரிடம் "அவசியம் போய்ப் பாருங்கள்" என்று சொல்லப்போகிறவர் யார் என்பதைச் சொல்லாது. ஒரு சுற்றுலாத் தலம் நிலைத்து வாழ்வது இத்தகையவர்களால்தான்.

சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்குக் கிளம்பும் ஒருநாள் சுற்றுலாப் பேருந்தை எடுத்துக்கொள்வோம். வெண்ணெய் உருண்டைப் பாறையைக் கையால் தாங்குவது போல ஒரு படம். ஐந்து ரதங்களில் அரைமணி. கடற்கரைக் கோயில் முன்னால் குடும்பத்தோடு இன்னொரு படம். பிறகு சாப்பாடு, பேருந்து, தூக்கம். பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்தாயிற்று. ஆனால் ஒரு மாதம் கழித்துக் கேட்டால், சொல்வதற்கு வெயிலைத் தவிர அதிகம் இருக்காது.

மனத்தில் தங்கும் பயணம் எப்படிப்பட்டது என்று ஆராய்ந்த கிம், ரிச்சி, மெக்கார்மிக் என்ற மூவர், 2012இல் ஏழு கூறுகளை வகுத்துக் காட்டினார்கள். மகிழ்ச்சி, புதுமை, உள்ளூர்ப் பண்பாட்டோடு பழக்கம், புத்துணர்ச்சி, தனக்குப் பொருளுள்ளதாகப் படுவது, தானும் ஈடுபடுவது, புதிதாக ஒன்றை அறிவது. இந்த ஏழுக்கும் மாமல்லபுரத்தில் இடம் உண்டு. எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

அர்ச்சுனன் தபசு என்று சொல்லப்படும் பெரும் பாறைச் சிற்பத்தின் முன்னால் அந்த வேலையைச் செய்யும் நல்ல வழிகாட்டிகளைப் பார்க்கலாம். சுமார் 90 அடி நீளமும் 40 அடி உயரமும் கொண்ட பாறை. தேவர்கள், முனிவர்கள், நாகர்கள், யானைகள் என்று எங்கே பார்த்தாலும் உருவங்கள். தேர்ந்த வழிகாட்டி பல்லவர் வம்சாவளியை ஒப்பிப்பதில்லை. யானையின் காலடிப் பக்கம் பார்க்கச் சொல்கிறார். அங்கே ஒரு பூனை கைகளைத் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்கிறது, சுற்றிலும் எலிகள். மேலே ஒற்றைக் காலில் நிற்கும் தவசியை அது அச்சு அசலாகப் பின்பற்றுகிறது! குழந்தைகள் சிரிப்பார்கள். உடனே அடுத்த கேள்வி: தவம் செய்பவர் வரம் கேட்கும் அர்ச்சுனனா, கங்கையை இறக்கும் பகீரதனா? நடுவிலுள்ள பிளவைக் காட்டி, மேலேயிருந்து நீர் வழிந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்கச் சொல்வார். அறிஞர்கள் இன்னும் முடிக்காத அந்த வழக்கில், பார்க்க வந்தவரும் ஒரு கட்சி சேர்ந்துவிடுகிறார். கட்சி சேர்ந்தவர் அந்தப் பாறையை மறப்பதில்லை.

ஐந்து ரதங்களிலும் இதே வாய்ப்பு இருக்கிறது. பாண்டவர் பெயர்கள் அவற்றுக்குப் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டவை. பல இடங்களில் வேலை பாதியிலேயே நின்றிருக்கிறது. முடிந்த கோபுரத்தைப் பார்த்து வியக்கலாம். முடியாத பாறையைப் பார்த்தால் சிற்பி எங்கே தொடங்கினான், அடுத்து எங்கே உளி வைத்திருப்பான் என்று கண் தேடத் தொடங்கும்.

உளிச்சத்தம் அந்த ஊரில் இன்னும் ஓயவில்லை. 1957இல் தொடங்கிய அரசு சிற்பக்கலைப் பயிற்சி நிலையம் இன்று கல்லூரியாக வளர்ந்திருக்கிறது. கற்சிற்பத்துக்கான உலகக் கைவினை நகரம் என்று உலகக் கைவினைக் கழகம் 2015இல் மாமல்லபுரத்துக்குப் பட்டம் சூட்டியது. பிறகு அதன் சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. சாலையோரப் பட்டறையில் சிற்பி ஒருவர் கருங்கல்லில் விரல் நகத்தைச் செதுக்குவதைக் கால்மணி நேரம் நின்று பார்த்தவருக்கு, பல்லவர் காலத்து 7ஆம் நூற்றாண்டு வெறும் பாடப்புத்தகமாக இருக்காது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டிலுள்ள தட்சிணசித்ரா, வந்தவரை ஈடுபட வைக்கும் இதே சூத்திரத்தை 1996 முதல் கையாண்டு வருகிறது. இடிபட இருந்த பழைய வீடுகளைக் கழற்றிக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தினார்கள். செட்டிநாட்டு வீட்டு முற்றத்தில் நடக்கலாம், அக்கிரகாரத் திண்ணையில் உட்காரலாம். குயவர் சக்கரத்தில் தானே வனைந்த கோணல் சட்டியோடு வீடு திரும்பும் சிறுவன், மறுமுறை பெற்றோரை இழுத்துக்கொண்டு வருகிறான்.

பயணத்தின் முடிவு எப்படி அமைகிறது என்பதும் முக்கியம். உளவியலாளர் டேனியல் கானமன் குழுவினர் 1993இல் வெளியிட்ட ஆய்வில், சிலரைக் குளிர்ந்த நீரில் 60 விநாடி கைவைக்கச் செய்தார்கள். இன்னொரு முறை அதே 60 விநாடியோடு, சற்றே குளிர் குறைந்த நீரில் கூடுதலாக 30 விநாடி. எதை மறுபடி செய்கிறீர்கள் என்று கேட்டபோது, பெரும்பாலோர் நீண்ட இரண்டாவதையே தேர்ந்தெடுத்தார்கள். முடிவு கொஞ்சம் இதமாக இருந்ததே காரணம்.

சுற்றுலாவுக்கு இது அப்படியே பொருந்தும். நாள் முழுக்கச் சிற்பங்களில் லயித்தவர், கிளம்பும் நேரத்தில் ஆட்டோக் கட்டணத் தகராறிலோ, பாசிமணி விற்பவரின் விடாத நச்சரிப்பிலோ, நுழைய முடியாத கழிப்பறை வாசலிலோ மாட்டிக்கொண்டால், ஊரில் போய் முதலில் சொல்வது அதைத்தான். கோடிக்கணக்கில் செலவழித்து ஒலி-ஒளிக் காட்சி அமைப்பதைவிட, நிழலும் குடிநீரும் சுத்தமான கழிப்பறையும் நியாயமான வண்டிக் கூலியும் அதிகம் பேரைத் திரும்ப வரவைக்கும்.

திரும்பி வருவதற்குக் காரணமும் வேண்டும் அல்லவா? டிசம்பர், ஜனவரியில் மாமல்லபுரத்தில் நடக்கும் இந்திய நாட்டிய விழா அப்படி ஒரு காரணம். சென்னை இசைவிழாவுக்கு வரும் வெளிநாட்டுத் தமிழர்கள் அந்த மேடைக்கும் ஒரு மாலை ஒதுக்க முடிகிறது.

நேயர்களே, அடுத்த முறை மாமல்லபுரம் போகும்போது எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்து முடிக்க நினைக்காதீர்கள். காலை வெயில் ஏறுமுன் போங்கள். தபசுப் பாறைக்கு மட்டும் ஒரு மணி நேரம் கொடுங்கள். உரிமம் பெற்ற வழிகாட்டியை அமர்த்திக்கொள்ளுங்கள்; சிற்பியின் பட்டறையிலேயே சிலை வாங்குங்கள். குகைக் கோயில்களையும் சாளுவன்குப்பத்துப் புலிக்குகையையும் அடுத்த பயணத்துக்கு மிச்சம் வையுங்கள்.