மாமாவின் லென்சும் நான் சொன்ன யோசனையும்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"கேமரா கண்காட்சிக்குப் போயிட்டு வந்தியாமே, புதுசா என்ன வந்திருக்குன்னு இருபது நிமிஷம் பேசு" என்று செயலாளர் போனில் சொன்னார். நான் போட்டோகிராபர் இல்லை. மெக்கானிக்கல் படித்தவன். ஒரகடத்தில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. கன்வேயரில் ஓடும் பாகங்களை அங்கே கேமராதான் பார்த்து நல்லது, கெட்டது என்று பிரிக்கிறது. அதனால் எங்கள் ஊரில் எனக்கு 'கேமரா இஞ்சினியர்' என்றே பெயர் விழுந்துவிட்டது. அந்தப் பெயரால் வந்த வினையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

என் ஊர் திருப்புட்குழி. காஞ்சிபுரம் தாண்டி, பெங்களூர் சாலையில் பாலுசெட்டி சத்திரத்தை ஒட்டியது. புள் என்றால் பறவை. ஜடாயுவுக்கு ராமர் ஈமக்கடன் செய்த இடம் என்பது தலபுராணம். விஜயராகவப் பெருமாள் கோயில் 108 திவ்யதேசங்களில் ஒன்று. ராமானுஜர் இளமையில் யாதவப் பிரகாசரிடம் பாடம் கேட்டதும் இங்கேதான். குருவுக்கும் சீடருக்கும் ஒத்துப்போகவில்லை என்பது வேறு விஷயம்! (முதல்வர் சிரிக்கிறார், தப்பித்தேன்.)

அந்த ஊரிலிருந்துகொண்டு சுற்றுவட்டாரக் கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவர் என் தாய்மாமா. 1980-களின் கடைசியில் தொழிலுக்கு வந்தவர். ஊட்டியில் மத்திய அரசின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த 'இந்து' கறுப்பு வெள்ளைப் பிலிமில் கை பழகியவர். 1960-ல் தொடங்கிய நிறுவனம் அது. டிஜிட்டல் வந்தபின் மூடிக் கிடந்து மறைந்தது. மாமா மறையவில்லை. பிலிமிலிருந்து டிஜிட்டலுக்குத் தட்டுத் தடுமாறி மாறிவிட்டார்.

2017 கடைசியில் என்னிடம் வந்தார். "மாப்ள, பார்ட்டிங்க பெரிய ஆல்பம், வீடியோ எல்லாம் கேக்கிறாங்க. நல்ல கேமரா ஒண்ணு, லென்ஸ் ரெண்டு வாங்கணும். எது வாங்கலாம்?" என்றார். இரண்டு ராத்திரி உட்கார்ந்து அட்டவணை போட்டு, கண்ணாடி உள்ள டி.எஸ்.எல்.ஆர். ஒன்றைச் சிபாரிசு செய்தேன். "கண்ணாடி இல்லாத கேமரா வந்திருக்காமே?" என்று கேட்டார். "அது விளையாட்டு சாமான் மாமா, தொழிலுக்கு ஆகாது" என்றேன். இதே வார்த்தைகள்தான். ஏறக்குறைய நாலு லட்சம் ரூபாய். அப்போது கேமராவுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதம். அத்தையின் நகை அடகுக்குப் போயிற்று.

அடுத்த வருஷமே, 2018 ஆகஸ்டில் நிக்கானும் செப்டம்பரில் கேனனும் கண்ணாடியில்லாத கேமராவுக்கென்றே புது லென்ஸ் மவுண்ட் அறிவித்தன. அதே செப்டம்பரில் ஜெர்மனியின் கொலோன் நகரத்துப் போட்டோகினா கண்காட்சியில் லைக்கா, பானசோனிக், சிக்மா மூன்றும் சேர்ந்து ஒரு மவுண்ட் கூட்டணி அமைத்தன. போதாக்குறைக்கு 2019 ஜனவரி முதல் கேமரா மீதான வரி 18 சதவீதமாகக் குறைந்தது! மாமா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நம்மளுது பழசாப் போச்சாமே" என்று மட்டும் ஒரு தீபாவளியன்று சொன்னார். அந்த இனிப்பு எனக்கு இறங்கவில்லை.

எங்கே தப்பு செய்தேன் என்பது இஞ்சினியரிங் விஷயம், மாணவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். டி.எஸ்.எல்.ஆரில் லென்சுக்கும் சென்சாருக்கும் நடுவே ஒரு கண்ணாடி மேலும் கீழும் ஆடவேண்டும். அதற்கு இடம் விடவேண்டியிருப்பதால் 1959-ல் வந்த நிக்கான் எஃப் மவுண்டில் அந்தத் தூரம் 46.5 மில்லிமீட்டர். கேனனின் 1987 மவுண்டில் 44. கண்ணாடியை எடுத்துவிட்டால்? நிக்கானின் புது மவுண்டில் 16, கேனனில் 20. பின்பக்கக் கண்ணாடிச் சில்லுகளைச் சென்சாருக்கு அருகில் கொண்டுபோக முடிவதால் லென்ஸ் வடிவமைப்பாளருக்குக் கை கட்டு அவிழ்ந்தது. அதைவிட முக்கியம் போகஸ். பழைய முறையில் போகஸ் பார்ப்பதற்கென்று தனிச் சென்சார், அதுவும் படத்தின் நடுப்பகுதியை மட்டும் பார்க்கும். புதியதில் படம் எடுக்கும் சென்சாரே போகசும் பார்க்கிறது. முகம் எங்கே, கண் எங்கே என்று கணக்குப் போட்டுப் பின்தொடர்கிறது. 2017-ல் நான் போட்ட அட்டவணையில் மெகாபிக்சல், பேட்டரி, விலை எல்லாம் இருந்தது. இதற்கு ஒரு பத்தி கூட இல்லை.

பேட்டரியில் மட்டும் நான் சொன்னது சரி. நிக்கான் டி850-க்கு ஒரு சார்ஜில் 1840 படம் என்று கணக்கு. 2018-ல் வந்த இசட்7-க்கு 330. ஒரு முகூர்த்தத்துக்கே போதாது.

இதற்கிடையில் மாமாவுக்குக் கண்புரை. ஆபரேஷன் ஆனபிறகும் வியூபைண்டரில் போகஸ் சரியாக இருக்கிறதா என்று தெரியவில்லை. ஒரு கல்யாணத்தில் தாலி கட்டும் படம் ஏழும் மங்கல். பெண் வீட்டார் பாதிப் பணம்தான் கொடுத்தார்கள். "கடையை மூடிடலாம்னு பாக்கறேன்" என்றார். சரி என்று 2024-ல் சென்னையில் நடந்த ஒரு கேமரா கண்காட்சிக்கு அவரை அழைத்துப்போனேன்.

எல்லா ஸ்டாலிலும் புது லென்ஸ். ஒருவர் 'குளோபல் ஷட்டர்' என்று பெருமையாக விளக்கினார். சென்சார் முழுவதும் ஒரே நொடியில் பதிவாகும் முறை. சோனி 2023 நவம்பரில் அறிவித்த ஏ9 மூன்றாம் மாடலில், முழு அளவுச் சென்சாரில் முதல்முறையாக வந்தது. எங்கள் தொழிற்சாலைக் கேமராவில் அது எப்போதோ இருக்கிறது, சென்சார்தான் சின்னது. கல்யாணத்துக்கு அது தேவையா என்றால், அந்த விலைக்குத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம்.

இன்னொரு ஸ்டாலில் ஒரு பையன், "சார், இது பறவைக் கண்ணைக் கூடக் கண்டுபிடிக்கும்" என்றான். மாமா உடனே, "எங்க ஊர் ஜடாயுவைக் கண்டுபிடிக்குமா தம்பி?" என்று கேட்டார். பையனுக்குப் புரியவில்லை. ஆனால் மாமா கேமராவைக் கண்ணில் வைத்தவர் எடுக்கவேயில்லை. உள்ளே சின்ன டி.வி. மாதிரி பளிச்சென்று படம். எதிரே நின்ற பெண்ணின் கண்மேல் ஒரு பச்சைக் கட்டம், அவள் திரும்பினாலும் கூடவே ஓடுகிறது. "மாப்ள, இது எனக்குப் பதிலா பாக்குது" என்றார்.

விற்பனையாளர் பழைய செட் முழுவதையும் மாற்றிக்கொள்ளச் சொன்னார். பழைய லென்ஸ் இரண்டுக்கும் அவர் சொன்ன விலையைக் கேட்டால் அத்தை அழுதிருப்பார். இந்தத் தடவை நான் அட்டவணை போடவில்லை. மாமாவின் பையிலிருந்து லென்ஸ்களை எடுத்து, "அடாப்டர் போட்டு இதை மாட்டுங்க" என்றேன். புது மவுண்டில் தூரம் குறைவு. குறைந்த இடத்தை ஒரு குழாய் போட்டு நிரப்பிவிடலாம். தலைகீழாகத்தான் முடியாது. 2017-ல் வாங்கிய இரண்டும் புத்தம்புதிது போல வேலை செய்தன. பாடிக்குள் இருக்கும் மோட்டாரை நம்பிய பழைய 50 எம்.எம். மட்டும் போகஸ் ஆகவில்லை, கையால்தான் திருகவேண்டும். கடைசியில் பாடி, அடாப்டர், பேட்டரி நான்கு. அவ்வளவுதான் வாங்கினோம். பாதிப் பணம் நான் போட்டேன். மாமா வேண்டாம் என்றார், நான் விடவில்லை.

முதல் கல்யாணத்தன்று ராத்திரி பதினொரு மணிக்குப் போன். "எல்லாப் படத்திலயும் கோடு கோடா விழுது மாப்ள!" சத்தம் வராமல் இருக்க எலக்ட்ரானிக் ஷட்டரில் வைத்திருக்கிறார். மண்டபத்து எல்.இ.டி. விளக்கு வினாடிக்கு 100 தடவை மினுக்குகிறது. வரி வரியாகப் பதிவாகும் சென்சார் அதைக் கோடாகக் காட்டுகிறது. "மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாத்துங்க மாமா" என்றேன். மாற்றினார், சரியாயிற்று. வரவேற்புப் படம் கொஞ்சம் போனது போனதுதான், முகூர்த்தம் முழுசாகக் கிடைத்தது.

தொழிலின் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பான் கேமரா சங்கத்தின் கணக்குப்படி 2010-ல் உலகெங்கும் அனுப்பப்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கு மேல். 2020-ல் 90 லட்சத்துக்கும் கீழே. மிச்சத்தை நம் பையிலிருக்கும் செல்போன் சாப்பிட்டுவிட்டது. 1950-ல் தொடங்கிய போட்டோகினா, நான் சொன்னேனே அந்த 2018-தான் கடைசி. கொரோனாவில் நின்றது நின்றதுதான். ஜப்பானில் யோகோஹாமாவில் நடப்பதுதான் இன்று பெரிய கண்காட்சி.

எல்லோரும் அந்த டி.எஸ்.எல்.ஆர். என்னாயிற்று என்று கேட்கிறீர்கள். மாமா மகள் இங்கேதான் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். காலையிலிருந்து மேடைக்குக் கீழே மண்டி போட்டுப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறாளே, அவள்தான். கையில் இருப்பது நான் வாங்கச் சொன்ன அதே கேமரா, மாட்டியிருப்பது அந்த 50 எம்.எம். மலரில் வரப்போகும் படங்கள் அதில் எடுத்தவை. எனக்குத் தலை சாய்ந்திருந்தால் அவளிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.